பொத்தானிலிருந்து விரலை எடுக்காதவர்

அலைவரிசை அறிஞர் என்றொரு இனம் இருக்கிறது. பார்த்ததில்லை என்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், நான் சொல்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப்பார்த்து, வைஃபை பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, "இதை ஏன்ப்பா இங்க வெச்சிருக்கீங்க?" என்று உதட்டைப் பிதுக்குவாரே, அவர்தான். உட்காருங்கள் என்று நீங்கள் சொல்வதற்குள் பெட்டி இடம் மாறியிருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பூச்சாடி உங்கள் கையில் இருக்கும்.

அவருக்கு மனிதர்களைத் தெரியாது. அதிர்வெண்களைத் தெரியும். நீங்கள் பால் சுட வைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் உங்கள் வைஃபையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் குடித்தனம் நடத்துகின்றன என்பார். பால் சுடும்போது படம் நின்று நின்று வருகிறதா என்று கேட்பார். வருகிறது என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் முன்பே, "வரும், வராம எங்க போகும்?" என்று அவரே பதிலையும் சொல்லிவிடுவார். பண்பலை வானொலியில் எண்கள் எங்கே முடிகின்றனவோ, அங்கேயிருந்து கொஞ்சம் மேலே போனால் விமானிகள் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பார். விமானிகளுக்கு ஏன் நம் வானொலியைப் போல் தெளிவான ஒலிமுறை கிடையாது தெரியுமா என்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் காதில் ஊளைச் சத்தம் கேட்க வேண்டுமாம்; அப்போதுதான் வேறு ஒருவரும் பேச வந்தார் என்பது தெரியுமாம். இதை அவர் சொல்லும்போது உங்கள் மனைவியும் ஏதோ பேச வந்திருப்பாள். அவருக்கு ஊளைச் சத்தம் எதுவும் கேட்காது.

எனக்கு இப்படி ஒருவர் கடையில் வாங்காமலே கிடைத்தார். என் அக்காவின் கணவர். அத்தானுக்குத் தொழில் குளியலறை ஓடுகளும் குழாய்களும் விற்பது. கடைக்கு வருகிறவர்கள் தண்ணீர்க் குழாய் கேட்பார்கள். அத்தான் அலைகளைப் பற்றிச் சொல்வார். தண்ணீருக்குள் ரேடியோ அலை போகாது, மிக மிகத் தாழ்ந்த அலைவரிசைதான் கொஞ்சம் இறங்கும், நீர்மூழ்கிக் கப்பலுக்கு அதில்தான் செய்தி அனுப்புகிறார்கள், அதற்கு ஊர் நீளத்துக்கு ஆன்டெனா வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, வந்தவர் எதிர்க்கடையில் குழாய் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

சொந்தக்காரர்களைக்கூட அவர் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார். அவருடைய அண்ணன் மத்திய அலை. பகலில் ஆளையே பிடிக்க முடியாது, இருட்டிய பிறகு எத்தனை தூரத்திலிருந்தாலும் தெளிவாக வருவார். பெரியம்மா சிற்றலை. நேராக எதையும் சொல்லமாட்டாள். மேலே யாரிடமாவது சொல்லி, அது அங்கே பட்டுத் திரும்பி நம் தலையில் வந்து விழும். அத்தானின் சொந்த மகன், அதாவது என் மருமகன், புதிதாக வந்த உயர் அலைவரிசை. "எக்கச்சக்கமா விஷயம் வெச்சிருப்பான் மாப்ளே, ஆனா அவன் ரூம் சுவரைத் தாண்டி ஒண்ணும் வெளிய வராது."

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"அப்ப நீங்க எந்த அலைவரிசை அத்தான்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் எங்க மாப்ளே அலைவரிசை? நான் ரிசீவர். எல்லாரும் சொல்றதைக் கேட்டுக்கிறவன்."

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளிடமும் ஒரு பதில் இருந்திருக்கும். சொல்ல இடம் எங்கே இருந்தது?

இப்போது கதைக்கு வருகிறேன். நாங்கள் எல்லோரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடம். அக்கா வீடு நான்காவது மாடி, நான் மூன்றாவது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அத்தான். அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை, நின்றால் அத்தானோடு கூட்டத்தில் உட்கார வேண்டுமே. கட்டடத்து லிஃப்டில் அபாய மணி வேலை செய்யவில்லை. மணியைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடுங்கள் என்றார்கள் குடியிருப்பவர்கள். அத்தான் எழுந்து நின்றார்.

"மணியை நம்பி இருக்க முடியுமா? முடியாது. மணி அடிச்சா யாருக்குக் கேட்கும்? யாருக்கும் கேட்காது. நமக்கு வேண்டியது என்ன? தகவல் தொடர்பு."

கவனித்தீர்களா? மூன்று கேள்வி, மூன்று பதில், எல்லாம் ஒரே மூச்சில். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அடுத்த கேள்விக்கு முன்னால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமில்லை. கை தூக்கிவிட்டார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவைதான் வாக்கி-டாக்கிகள். அனுமதி எதுவும் வாங்காமல் யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கும் அலைவரிசையில் பேசுகிறவை. அத்தானுக்கு ஒன்று, காவலாளிக்கு ஒன்று, அக்காவுக்கு, மருமகனுக்கு, எனக்கு. அக்கா லிஃப்டில் கால் வைத்தால் கருவி கைப்பையில் இருந்தே ஆக வேண்டும் என்பது உத்தரவு. மருமகன் தன்னுடையதைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்தான். நான் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

இந்தக் கருவியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒன்றாக நடக்காது. ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர்கள் கத்தினாலும் அழுத்தியவர் காதில் விழாது. கருவியைச் செய்தவர்கள் அத்தானைப் போன்றவர்களை எங்கோ பார்த்திருக்கிறார்கள் போலும். ஒரேயடியாக அழுத்திக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் கருவியே கீச்சென்று கத்தி, பேச்சைத் தானாகத் துண்டித்துவிடும் ஏற்பாடு ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள்.

அத்தான் முதல் வேலையாக அதைத்தான் அணைத்தார். எல்லாக் கருவிகளிலும் இருந்த எத்தனையோ வசதிகளில் அவர் தேடிப்பிடித்து மாற்றியது அது ஒன்றைத்தான். "பாதிப் பேச்சுல மனுஷனை நிறுத்துது மாப்ளே. மரியாதை தெரியாத மெஷினு."

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எலும்பு முறிவும் மூட்டு வலியும் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் படிப்பு படித்தவள். கல்யாணம், பிள்ளை, வீடு என்று எத்தனையோ வருடங்கள் அரை நேர வேலையில் ஒப்பேற்றிவிட்டு, இப்போதுதான் ஒரு மருத்துவமனையில் முழு வேலை கிடைத்திருந்தது. நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். கார் அவர்கள் தருவார்கள். ஓட்டுநர் உரிமம் அவள் கொண்டுவர வேண்டும். இந்த வாரத்துக்குள் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா அந்த வேலையை எவ்வளவு விரும்பினாள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவே இல்லை. அப்படியென்றால் மிகவும் விரும்பினாள் என்று அர்த்தம்.

ஓட்டுநர் தேர்வில் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். காரணம் கேட்கிறீர்களா? கற்றுக்கொடுத்தது அத்தான். கியர் ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் விளக்கி முடிக்கும்போது வண்டி நின்று போயிருக்கும். முதல் தேர்வில் பக்கத்தில் அத்தான் இல்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்ற பழக்கத்தில் அக்கா சாலைச் சந்திப்பில் வண்டியை நிறுத்திக் காத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது தேர்வில் அத்தான் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு கையாலேயே பாடம் நடத்தினார். தேர்வாளர் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, "யாருங்க அந்த ஆளு?" என்று கேட்டுவிட்டு நடந்து போய்விட்டார். மூன்றாவது தடவைக்கு அக்கா எங்களுக்குத் தெரியாமல் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்த அம்மாள் "திருப்புங்க", "நிறுத்துங்க" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் பேசாதவர். அக்கா மளமளவென்று கற்றுக்கொண்டாள்; தேர்வுக்குத் தேதி கிடைத்த பிறகுதான் எங்களிடம் சொன்னாள்.

தேர்வு நாள் காலை. பயிற்சிப் பள்ளிக் கார் கீழே வந்து நின்றது. கூட நானும் போவதாக ஏற்பாடு. நான் இன்னும் சட்டை தேடிக்கொண்டிருந்தேன்; அக்கா முன்னால் கிளம்பி லிஃப்டில் ஏறிவிட்டாள். தரைத்தளத்துக்குச் சற்று மேலே லிஃப்ட் நின்றுவிட்டது. நின்றது தெரியாமல் நான் இங்கே பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், சட்டைக்கு.

அதே நேரத்தில் அத்தான் மொட்டை மாடியில் இருந்தார். உயரத்தில் நின்றால் அலை தூரம் போகும் என்பதால் தினமும் காலையில் அங்கே ஏறி நின்று சோதனை செய்வது அவர் வழக்கம். அந்த இடத்துக்குக் கன்ட்ரோல் ரூம் என்று பெயரும் வைத்திருந்தார். ஃப்ரிட்ஜ் மேலிருந்து அவர் குரல் கணீரென்று வந்தது.

"எல்லா நிலையங்களும் கவனிக்கவும். இன்னிக்குத் தலைப்பு, அலைவரிசையை ஏன் காலியா வெச்சிருக்கணும். கடல்ல கப்பல்காரங்களுக்குன்னு ஒரு சேனல் இருக்கு. ஆபத்துன்னா அதுலதான் கூப்பிடணும். கூப்பிட்டுட்டு வேற சேனலுக்குப் போயிடணும். அதுல உட்கார்ந்து கதை பேசக் கூடாது. ஏன் பேசக் கூடாது? யாராவது ஆபத்துல இருக்கலாம். அவங்க கூப்பிடறப்ப நாம பேசிக்கிட்டிருந்தா என்ன ஆகும்? அவங்க கதி என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க. நான் சொல்றேன் என்ன ஆகும்னு."

சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். லிஃப்டுக்குள் அக்கா அதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இரும்புப் பெட்டிக்குள் கைபேசி செத்துக் கிடந்தது. இந்தக் கருவியின் அலை மட்டும் கதவு இடுக்கு வழியாக நுழைந்து அவளுக்கு ஆபத்துக் காலப் பாடம் நடத்தியது. அவர் மூச்சு வாங்கும்போது பேசிவிடலாம் என்று காத்திருந்தாளாம். பாவம், கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படி ஒரு நம்பிக்கை. மூச்சு வாங்கினார், விரலை எடுக்கவில்லை.

அப்புறம் பாடம் அடுத்த பகுதிக்குப் போனது.

"ஒரே சேனல்ல ரெண்டு பேரு பேசினா என்ன ஆகும்? நம்ம கருவியில ரெண்டும் கேட்காது. பக்கத்துல இருந்து பலமா வர்றவங்க குரல் மட்டும்தான் கேட்கும். தூரத்துல இருக்கறவன் எவ்வளவு கத்தினாலும் அமுங்கிப் போயிடுவான்."

அக்கா கைப்பையிலிருந்து கருவியை வெளியே எடுத்தாள். காவலாளியின் மேசை லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே இருப்பது அவளுக்குத் தெரியும். அத்தானோ மேலே, ஆகாயத்தில். அவள் பொத்தானை அழுத்தி, அத்தான் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் பேச்சின் மேலேயே பேசினாள். கல்யாணமானதிலிருந்து அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

காவலாளியின் மேசையில் அத்தானின் குரல் பட்டென்று மறைந்தது. "நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்ப்பா. கதவுச் சாவி எடுத்துட்டு வா" என்றது வேறொரு குரல். காவலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவி செயலாளரிடம் இருக்கிறது. செயலாளரைக் கூப்பிட இருந்த ஒரே வழியில் செயலாளரே உட்கார்ந்திருந்தார். கைபேசியில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். பேச்சு நேரத்தில் அத்தான் கைபேசியை அணைத்துவிடுவார். குறுக்கீடாம். மூச்சிரைக்க மாடி ஏறி என் கதவைத் தட்டினான்.

இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். அத்தான் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காலை வைத்து, வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இன்னொரு கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அத்தான், அக்கா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா."

அவர் கண்ணை மூடிப் பொறுமையாகத் தலையை ஆட்டினார். கருவியை வாயருகே கொண்டுவந்தார். "பாருங்க, இப்பக்கூட ஒருத்தர் நடுவுல பேசறாரு. இந்த மாதிரிக் குறுக்கீட்டை எப்படிச் சமாளிக்கணும்னா..."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! மூத்தவர், அக்காவின் கணவர், மரியாதை, எல்லாவற்றையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் மேலெழுந்தது. மறுநொடி கருவியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுகை இல்லை, பதற்றம் இல்லை.

"விரலை எடுத்துட்டீங்களா? சட்டைப் பையில சாவி இருக்கும், தம்பிகிட்ட குடுங்க. எனக்கு டெஸ்டுக்கு நேரமாகுது."

அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. அதை மறைக்கக் கூடாது. அந்த மனிதருக்கு அவள்மேல் உயிர். சாவியை எடுத்து என் கையில் திணித்தார். ஆனால் உயிர் வேறு, விரல் வேறு. நான் படிகளில் இறங்கி ஓடுகிறேன், பின்னால் அவரும் ஓடி வருகிறார், ஓடிக்கொண்டே பேசுகிறார்: "பயப்படாதேம்மா. நிதானமா மூச்சு விடு. உனக்கு எங்கயாவது அடிபட்டிருக்கா? காத்து வருதா? சொல்லு, சொல்லு." சொல்லு சொல்லு என்கிறாரே தவிர பொத்தான் அழுத்தியபடியே இருக்கிறது. அவள் எப்படிச் சொல்வாள்?

மின்சாரத்தை அணைத்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தோம். லிஃப்ட் இடுப்பளவு உயரத்தில் நின்றிருந்தது. அக்கா கைப்பையை முதலில் கொடுத்தாள், பிறகு காலணிகளை, பிறகு கையை. இறங்கி நின்று புடவையைச் சரிசெய்துகொண்டாள். அத்தான் ஆளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நானும் கார்ல வரேன். இந்த நிலைமையில உன்னைத் தனியா விட முடியாது."

அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, அக்கா அதைச் சரிசெய்தாள். "நீங்க மாடியிலயே இருங்க. கன்ட்ரோல் ரூம்ல ஆள் வேணாமா?"

அத்தானின் முதுகு நிமிர்ந்தது. கன்ட்ரோல் ரூம் என்ற சொல்லை அவர் வீட்டில் முதல் தடவையாக வேறொருவர் வாயிலிருந்து கேட்கிறார். திரும்பி மாடிப்படி ஏறினார், இரண்டிரண்டு படியாக.

காரில் அக்கா ஓட்டினாள். பயிற்சி அம்மாள் பக்கத்தில், நான் பின்னால், கருவி என் மடியில். "கண்ணாடியைப் பாரு. கண்ணாடி ஏன் பார்க்கணும்னா..." என்று அது ஆரம்பித்துவிட்டது.

"அணைச்சிடட்டுமா அக்கா?"

"வேணாம். பாலம் தாண்டினா தானா நின்னுடும்."

அட்டைப்பெட்டியில் போட்டிருந்த தூரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் அந்தக் கருவி பேசும் என்பதை அக்கா எப்போது கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. சந்தையைத் தாண்டியதும் அத்தானின் குரல் கரகரத்தது. பாலத்தில் ஏறும்போது வார்த்தைக்கு வார்த்தை விட்டு விட்டு வந்தது. இறங்கும்போது வெறும் இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. "திருப்புங்க" என்றார் பயிற்சி அம்மாள். அக்கா திருப்பினாள்.

தேர்வில் தேறினாள். வேலையும் உறுதியானது. அத்தானுக்கு இதில் துளியும் சந்தேகமில்லை: "அன்னிக்கு நான் சொன்ன பாடத்தை வெச்சுத்தானே மாப்ளே அவ தப்பிச்சா? நான் பேசிக்கிட்டு இருந்ததாலதான் அவளுக்கு வழி தெரிஞ்சுது." இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். இப்போது லிஃப்ட் மணியைச் சரிசெய்துவிட்டார்கள். வாக்கி-டாக்கிகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அக்கா தினமும் மருத்துவமனைக் காரில் வேலைக்குப் போகிறாள். கருவியையும் எடுத்துப் போகிறாள், அவர் கேட்டுக்கொண்டபடி; அவள் திரும்பும் நேரத்துக்கென்று இப்போது மாலையிலும் பாடம் உண்டு. போன வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலையாகப் போன நான், சாலையோரம் அந்தக் கார் நிற்பதைப் பார்த்தேன். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். என்னவோ ஏதோ என்று ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அக்கா இறக்கினாள்.

"வண்டி ரிப்பேரா அக்கா?"

"இல்லடா. பாலத்தைத் தாண்டினா அவர் பேசறது கேட்க ஆரம்பிச்சிடும். அதான், கொஞ்ச நேரம்."

இருக்கையைப் பின்னால் சாய்த்திருந்தாள். மடியில் பாதி குடித்த தேநீர்க் குடுவை. நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கருவி இரண்டு பேருக்கும் நடுவில் பச்சை விளக்கோடு சும்மா கிடந்தது. மாடியில் ஒருவர் தண்ணீர்த் தொட்டிமேல் காலை வைத்து, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு பேசிக்கொண்டிருப்பார். எனக்கு அக்காவை நினைத்துப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அத்தானை நினைத்தும்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் வாக்கி-டாக்கி கிடையாது, அதிர்வெண் என்றால் என்னவென்று கூட உங்களுக்குத் தெரியாது, சரி. ஆனால் "நீ என்ன சொல்றே?" என்று நீங்கள் வீட்டில் கேட்கும்போது, பதில் யார் சொல்கிறார்கள்? உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய ஒருவர் கீழே வண்டியை நிறுத்திய பிறகும் மேலே வரக் கொஞ்சம் தாமதிப்பதில்லையா? அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்ததுண்டா? யோசித்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். எதற்கும் ஒருமுறை குனிந்து உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள்.

ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள் போலிருக்கிறது. இருங்கள், நான் முடித்துவிடுகிறேன்.